பூசையில் வைத்த துப்பாக்கி

தனேஸ்வரன் பிஸ்கட் டின்னைத் திறந்து, மேலே கிடந்த புளிப்பு மாங்காய்ப் பொட்டலங்களை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து அந்தக் கறுப்புத் துப்பாக்கியை எடுத்து மேசை மேல் வைத்தபோது தினேஸ்வரி ஓடிப் போய் வாசல் கதவைச் சாத்தினாள். விளையாட்டுச் சாமான் என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டால் ஆயிற்றா? போலீஸ்காரர் இடுப்பில் தொங்குகிறதே, அதற்கும் இதற்கும் அவள் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"பிபி கன்னுக்கா. பிளாஸ்டிக் குண்டுதான், மொளகு மாதிரி இருக்கும். ஹட்யாயில சின்னப் பிள்ளைங்க எல்லாம் வச்சு விளையாடுதுங்க லா."

"பார்டர்ல பிடிச்சிருந்தா?"

"பிடிக்கலையே."

தனேஸ்வரன் அவளுடைய ஒரே தம்பி. ஈப்போவுக்கும் தாய்லாந்து ஹட்யாய்க்கும் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். பிறந்ததிலிருந்தே அவன் இப்படித்தான். எதற்கும் பதில் வைத்திருப்பான், எதற்கும் பொறுப்பு மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டான். அவன் வாங்கி வந்தது அக்காள் மகன் ஷர்வினுக்கு. தாய்மாமன் ஆசையாகக் கொடுப்பதை வேண்டாம் என்று தள்ளினால் அது ஒரு வருஷத்துப் பேச்சாகிவிடும். அந்தத் தைரியத்தில்தான் அவன் கொண்டு வந்திருந்தான்.

"சும்மா விளையாட மட்டும் இல்லக்கா. வீட்டுக்கு ஒரு காவல். உன் கழுத்தப் பாரு."

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. இரண்டு மாதத்துக்கு முன்னால், விடிகாலையில் வேலைக்குப் போகும்போது, மோட்டாரில் வந்த இருவர் தாலிச் சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சங்கிலி லேசில் அறுபடவில்லை. பத்தடி தூரம் தரையோடு இழுபட்டாள். இப்போது கழுத்தில் மஞ்சள் கயிறும், இடப்பக்கம் ஒரு நீளத் தழும்பும் இருந்தன. அன்றைக்கு ரத்தத்தோடு வீடு திரும்பியவளைக் கதவைத் திறந்து முதலில் பார்த்தவன் ஷர்வின். அவன் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போதும் அவன் சத்தம் போடாமல் மேசைப் பக்கம் நின்று துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வயது. ஆனால் வளர்த்தி மட்டும் வஞ்சனையில்லாத வளர்த்தி. அவள் காது மட்டத்துக்கு வந்துவிட்டான். பசாரில் மீன்காரர்கூட, "தம்பி இடைநிலைப் பள்ளியா?" என்று கேட்கிறார்.

அன்று சாப்பாட்டு மேசையில் பஞ்சாயத்து நடந்தது. எத்தனை வயதானால் ஒரு பையன் கையில் இதைக் கொடுக்கலாம்?

"எட்டு போதும்," என்றான் தனேஸ்வரன். கொண்டு வந்தவன் வேறு எப்படிச் சொல்லுவான்!

"பத்து சரிதான்," என்றான் அவள் புருஷன் விக்னேஸ்வரன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு இருபது வருஷம் ஆகிறது. இவன் பேச்சில் மட்டும் இன்னும் ரப்பர் மரம்தான். "தோட்டத்துல நான் எட்டு வயசுலயே லஸ்திக்குல கல்ல வச்சு இழுத்து அணில அடிப்பேன். என்ன கெட்டுப் போயிட்டேன்?"

"லஸ்திக்கப் பாத்து யாரும் கையத் தூக்க மாட்டாங்க. இதப் பாத்தா தூக்குவாங்க. இல்லன்னா சுடுவாங்க," என்றாள் தினேஸ்வரி. "பன்னெண்டு வயசு ஆகட்டும். அதுவும் நீங்க பக்கத்துல இருக்கும்போதுதான்."

"பன்னெண்டுல என்ன திடீர்னு புத்தி வந்துருமா மச்சான், நீங்க சொல்லுங்க," என்று தம்பி கிண்டல் பண்ணினான்.

 பன்னிரண்டு என்று அவள் வாய்க்கு வந்ததைத்தான் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொல்வதானால் அவளுக்கு எந்த வயதும் வேண்டாம்; அந்தச் சனியன் வீட்டிலேயே வேண்டாம். இந்த ஊரில் இதை வைத்திருந்தால் கேஸ் என்று தொழிற்சாலையில் யாரோ பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. லாக்கப்பில் புருஷன் உட்கார்ந்திருப்பது மாதிரியும், பையன் பேர் பள்ளிக்கூடத்தில் கெட்டுப்போவது மாதிரியும் என்னென்னவோ கண் முன்னால் ஓடியது. ஆனால் இரண்டு ஆம்பிளைகள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் மேசையில் பயத்தை எப்படி எடுத்து வைப்பது? "உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்.

"அப்ப எனக்கு எப்பம்மா?" என்றான் ஷர்வின்.

"சரஸ்வதி பூசை முடியட்டும். பேசிக்கலாம்."

பூசைக்கு எட்டு நாள் இருந்தது. தள்ளிப்போட ஒரு நாள் கிடைத்ததே என்று அவள் சொன்னாள், வேறு ஒன்றுமில்லை. தள்ளிப்போட்டதை வாக்குக் கொடுத்ததாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றுகிறது?

எட்டு நாளும் துப்பாக்கி அலமாரி உச்சியில், பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது. எட்டு நாளும் அவள் அரைத்தூக்கம் தூங்கினாள். இரண்டு தடவை எழுந்து நாற்காலி போட்டு ஏறித் துண்டைத் தடவிப் பார்த்தாள். இருக்கிறது என்று தெரிந்தாலும் பயம். இல்லையென்றால் அதைவிடப் பயம்.

பூசையன்று விக்னேஸ்வரனே அந்த யோசனையைச் சொன்னான். "ஆயுதம்தான? சாமி முன்னால வைப்போம். பூசையில வச்சு எடுத்தா பொருளுக்கு ஒரு மரியாத வரும், பயலுக்கும் பொறுப்பு வரும்."

அவளுக்கு அது நல்லதாகவே பட்டது. ஏனென்றால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, அவர்கள் குடியிருக்கும் புந்தோங்கில் பாதி வீடுகளில் உண்டு: பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை ஒருத்தரும் தொடக் கூடாது. வீட்டுப்பாடம் எழுத வேண்டும் என்று வாத்தியார் சொன்னாலும் புத்தகத்தைத் தொட மாட்டான் ஷர்வின். அந்த ஒரு நாள் அவனுக்குப் பெருநாள். அலமாரி உச்சியைவிடச் சாமி காலடிதான் பத்திரம் என்று அவள் நினைத்தாள். தானே துண்டைப் பிரித்து, துப்பாக்கியை எடுத்து, லாரிச் சாவிக்கும் ஸ்பானர்களுக்கும் அவளுடைய கத்திரிக்கோலுக்கும் ஷர்வினின் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில் வைத்தாள். சந்தனமும் குங்குமமும் விக்னேஸ்வரன் வைத்தான். கறுப்பு உலோகத்தில் குங்குமம் பளிச்சென்று தெரிந்தது.

சூடம் காட்டி முடித்ததும் ஷர்வின் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டான். "ஸ்பானர் அப்பா வேலைக்கு. கத்திரிக்கோல் நீ துணி தைக்க. புக்கு நான் படிக்க. இதுக்கு என்னம்மா வேல?"

"அதுக்கு ஒரு வேலையும் இல்ல. பேசாம சுண்டல் சாப்பிடு."

"மாமா காவல்னு சொன்னாரே?"

"மாமா சொல்லுவாரு. மாமாவுக்கென்ன!"

அன்றிரவு அவள் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். எட்டு நாள் தூக்கம் பாக்கியிருந்ததே!

மறுநாள் விஜயதசமி. வியாழக்கிழமை, பள்ளிக்கூடமும் உண்டு, வேலையும் உண்டு. ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்துவைத்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, ஆறு மணிக்கு வாசலில் செருப்பை மாட்டினாள். கையுறைத் தொழிற்சாலையின் பஸ் பெரிய ரோட்டில் ஆறேகாலுக்கு வரும். விக்னேஸ்வரன் குளிக்கப் போயிருந்தான். ஷர்வின் அதற்குள் குளித்துத் தலை ஈரத்தோடு சாமி முன்னால் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடம் உள்ள நாளில் அடித்து எழுப்பினாலும் எழாத பிள்ளை, இன்றைக்குத் தானாக எழுந்திருக்கிறானே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

"ஐயா, சாமிகிட்ட வச்சத எடுத்து ஒரு தடவ வேலைய ஆரம்பிச்சிரு. அப்பத்தான் வருஷம் பூரா நல்லா வரும். அப்புறம் ஸ்கூலுக்குப் போ, என்ன?"

வருஷா வருஷம் சொல்வதுதான். அவள் கணக்குப் புத்தகத்தை நினைத்துச் சொன்னாள். இன்னொன்றும் அங்கே இருக்கிறது என்பது அந்த நிமிஷம் அவள் புத்தியில் இல்லவே இல்லை. எட்டு நாள் அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, நினைக்க வேண்டிய ஒரு நிமிஷத்தில் மறந்துபோயிற்று. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது!

"சரிம்மா," என்றான் அவன்.

வெளியே இன்னும் இருட்டு. ஈப்போவில் அந்த நேரத்துக்கு விடியாது. வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போக ஒரு சந்து. சந்தில் நான்கு விளக்குக் கம்பம், அதில் இரண்டு எரியாது. சங்கிலி போனதும் இதே சந்தில்தான். சுற்றிப் போனால் பஸ் போய்விடும். அதனால் தினமும் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இந்த இருநூறு அடியையும் மூச்சைப் பிடித்து நடப்பாள்.

சந்தின் கடைசியில் லூர்துசாமி அண்ணன் நாசி லெமாக் சோற்றுக் கடை போட்டிருப்பார். அவள் சங்கிலி போன பிறகு, குடியிருப்பில் ஆம்பிளைகள் முறை வைத்து விடிய விடிய ரோந்து சுற்றினார்கள். முடித்துவிட்டு அந்தக் கடையில் உட்கார்ந்து தே தாரேக் டீ குடிப்பார்கள். ரோந்துக்குத் தலைவன் மாதிரி நடந்துகொள்பவன் பிச்சைமுத்து, அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவன். "அன்னைக்கு நீங்க கத்தாமப் போயிட்டீங்கக்கா. அடுத்த தடவ எவனாச்சும் கிட்ட வந்தா தொண்ட கிழியக் கத்துங்க. நாங்க ஓடி வந்துருவோம்," என்று அவன் சொல்லி வைத்திருந்தான்.

முதல் கம்பத்தைத் தாண்டியதும் பின்னால் காலடி கேட்டது.

நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள். அதுவும் நடந்தது. யாரோ வேலைக்குப் போகிறவர்களாக இருக்கும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். வேலைக்குப் போகிறவன் ஏன் அவள் நின்றால் நிற்க வேண்டும்? கழுத்துத் தழும்பு திகுதிகுவென்று எரிந்தது.  வேகமாக நடந்தாள், பின்னாலும் வேகம். ஓடினால் பின்னால் வருகிறவனும் ஓடுவான். கடை விளக்கு எழுபது, எண்பது அடியில் தெரிந்தது. அதற்குள் எட்டிப் பிடித்துவிடுவான். முருகா, முருகா என்று வாய் முணுமுணுத்தது. தாங்க முடியாமல் சட்டென்று திரும்பிவிட்டாள்.

எரியாத கம்பத்துக்கும் எரியும் கம்பத்துக்கும் நடுவில் ஒருவன். கறுப்பு மழைக்கோட்டு, தலையை மூடியிருந்தது. உயரமாக இருந்தான். வலது கையில் துப்பாக்கி.

அவள் கத்தினாள். அப்படி ஒரு சத்தம் தன் தொண்டையில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

"அம்மா! அம்மா, நான்தாம்மா!"

குரல் காதில் விழுந்து, அது யார் குரல் என்று புத்திக்கு எட்ட ஒரு நொடி ஆனது. புருஷனுடைய மழைக்கோட்டு. அதற்குக் கீழே பள்ளிக்கூட வெள்ளைக் காலணி. பயம் இறங்கும் என்று பார்த்தால், இறங்கவில்லை. வேறு பக்கம் திரும்பி இரண்டு மடங்காக ஏறிற்று. ஏனென்றால் அவள் கத்தியது கத்தியதுதான். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

கடைப் பக்கம் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. "சந்துல! சந்துல!" என்று யாரோ கத்தினார்கள். டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. முன்னால் பிச்சைமுத்து, கையில் ரோந்துக்குக் கொண்டுபோகும் இரும்புக் குழாய். பின்னால் லூர்துசாமி அண்ணன்.

"கையில துப்பாக்கி வச்சிருக்கான்! டேய்! கீழ போடுறா!"

"பிச்ச, வேணாம்! என் பிள்ள!" என்று அவள் சொன்னாள். சொன்னதாக நினைத்தாள். ஒரு முறை கத்தி முடித்த தொண்டையில் காற்றுதான் வந்தது.

ஷர்வின் அப்போதாவது அதைக் கீழே போட்டிருக்கலாம், ஓடியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. ஆம்பிளைகள் இரண்டு பேர் குழாயோடு தன் அம்மாவை நோக்கி ஓடி வருகிறார்கள். அவன் கண்ட காட்சி அதுதான். அவளைத் தாண்டி முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டினான்.

"கிட்ட வராத! எங்கம்மாவத் தொடாத!"

பிச்சைமுத்து நிற்கவில்லை. நின்றால் சுட்டுவிடுவான் என்று எண்ணுகிறவன் எப்படி நிற்பான்? ஓடி வந்த வேகத்திலேயே குழாயைப் பக்கவாட்டில் ஓங்கி வீசினான்.

எப்படிப் பாய்ந்தாள் என்று தினேஸ்வரிக்கு இன்றுவரை தெரியாது. பையனைக் கழுத்தோடு கட்டித் தரையில் சாய்த்ததும், இடக்கையில் என்னவோ இறங்கியதும், உள்ளே மளுக்கென்று ஒன்று முறிந்ததும்தான் தெரியும். துப்பாக்கி எகிறிப் போய் லோங்கான் சாக்கடை ஓரத்தில் விழுந்தது. மழைக்கோட்டுத் தொப்பி கழன்றது.

டார்ச் வெளிச்சம் பையன் முகத்தில் விழுந்தது.

"அல்லேலூயா, நம்ம ஷர்வின்டா!" என்றார் லூர்துசாமி அண்ணன்.

குழாய் பிச்சைமுத்துவின் கையிலிருந்து நழுவிச் சாலையில் உருண்டது. அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

லூர்துசாமி அண்ணன்தான் நிதானத்துக்கு வந்தார். முதலில் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். குண்டு வைக்கும் இடத்தைக் கழற்றினார், காலியாக இருந்தது. "விளையாட்டுச் சாமானா? அட பாவிங்களா!" என்று சொல்லிக்கொண்டே அதைத் தன் இடுப்புத் துண்டில் சுற்றினார். பிறகு இன்னொரு துண்டை எடுத்து வந்து அவள் கையைத் தூக்கிக் கட்டினார். கை கத்திரிக்காய் நிறத்துக்கு வீங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு வலி இன்னும் வந்து சேரவில்லை. பையனை விடாமல் வலக்கையால் பிடித்திருந்தாள்.

"எதுக்குடா? எதுக்குய்யா அத எடுத்த?"

ஷர்வினுக்கு உதடு துடித்தது. ஆனாலும் வகுப்பில் ஒப்பிப்பது மாதிரி வரிசையாகச் சொன்னான். "நீதானம்மா சொன்ன. சாமிகிட்ட வச்சத எடுத்து ஒரு தடவ வேலைய ஆரம்பிச்சிருன்னு. புக்க எடுத்து ஒரு வரி படிச்சிட்டேன். அப்புறம் இது. மாமா இதுக்குக் காவல்தான் வேலன்னாரு. பூசை முடியற வரைக்கும் நான் தொடவே இல்ல. குண்டு போடலம்மா, அப்பா போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நீ பாத்தா திருப்பி அனுப்பிருவன்னுதான் அப்பா கோட்ட மாட்டிக்கிட்டேன். நீ பஸ் ஏறுற வரைக்கும்தான். அப்புறம் திரும்ப சாமிகிட்டயே வச்சிட்டு ஸ்கூலுக்குப் போயிரலாம்னு…"

யார் யார் என்னென்ன சொன்னார்களோ அத்தனையும் கேட்டிருக்கிறான். ஒன்றைக்கூட மீறவில்லை. 

"அக்கா," என்றான் பிச்சைமுத்து. தலையைத் தூக்காமலே பேசினான். "தெனம் பாக்குற பிள்ளக்கா. போன வாரம்கூட என் மோட்டர்ல ஏத்தி ஒரு ரவுண்டு வந்தேன். கையில அதத்தான் பாத்தேன். ஆளப் பாக்கலக்கா. பெரியவனா சின்னவனான்னுகூடப் பாக்கல."

"விடு பிச்ச. தெரியாம நடந்துருச்சு."

"இல்லக்கா." அவன் குரல் உடைந்தது. "தலைக்குத்தான் வீசுனேன்."

  தினேஸ்வரி வலக்கையைப் பையனின் தலைக்குக் கொண்டுபோனாள். முடி இன்னும் ஈரமாக இருந்தது. நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும், இரண்டு காதுக்கும் மேலே, விரலால் அழுத்தி அழுத்தித் தடவினாள். ஒரு இடத்திலும் ஒன்றும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து தடவினாள்.

"அம்மா, எனக்கு வலிக்கலம்மா. உனக்குத்தான் அடி," என்று சொல்லிவிட்டு அவன் அழ ஆரம்பித்தான். வாயைத் திறந்து, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை அழுகை.

செய்தி எப்படித்தான் போனதோ, விக்னேஸ்வரன் இடுப்பில் கைலியும் முதுகில் சோப்பு நுரையுமாகச் சந்தில் ஓடி வந்தான். துண்டில் சுற்றிக் கிடந்ததைப் பார்த்தான், பையனைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். பயத்தில் ஆம்பிளைகளுக்கு முதலில் வருவது கோபம்தானே.

"எவன்டா அத எடுத்து இவன் கையில குடுத்தது?"

"நான்தாங்க," என்றாள் தினேஸ்வரி. அவள் கை இன்னும் பையன் தலைமேல்தான் இருந்தது. "எடுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன்."